கடல் தெரியும் அறை வேறு, சூரியன் விழும் அறை வேறு

ஈசிஆரில் என்ன வாடகை கொடுத்து அறை எடுத்தாலும் கடலில் சூரியன் எழுவதைத்தான் பார்க்க முடியும். மாலையில் அது ரோட்டுக்கு அந்தப் பக்கம், பக்கிங்காம் கால்வாய் இருக்கும் திசையில் போய் இறங்கிவிடும். கடலில் பொழுது சாய்வதைப் படுக்கையில் இருந்தபடி பார்க்க ஆசைப்படுகிறவர்கள் குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு மேற்குக் கரைக்குப் போகிறார்கள். நம்மவர்களுக்குப் பக்கமானது கோவளம் (கேரளத்துக் கோவளம், சென்னைக்குத் தெற்கே இருப்பது அல்ல), அதற்குத் தெற்கே புளிங்குடி, சொவ்வரா, வடக்கே வர்க்கலை. நட்சத்திர ஓட்டல், தனி வில்லா, ஆயுர்வேத ரிசார்ட் என்று எல்லாம் இந்த ஒரே கரையில் இருக்கின்றன. எல்லாரும் தங்கள் விளம்பரத்தில் ஆரஞ்சு வட்டம் ஒன்றைக் கடலுக்கு மேலே தொங்கவிட்டிருப்பார்கள். அந்தப் படம் எந்த மாதத்தில், எந்த மாடியிலிருந்து எடுத்தது என்று மட்டும் எழுதியிருக்க மாட்டார்கள். விஷயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

சூரியன் மேற்கில் மறைகிறது என்று பள்ளியில் படித்தது வருடத்தில் இரண்டு நாளுக்குத்தான் சரி. கோவளம் இருக்கும் அட்சரேகையில் டிசம்பர் 21ஐ ஒட்டி அது நேர் மேற்கிலிருந்து 24 டிகிரி தெற்கே தள்ளி மறையும். ஜூன் 21ஐ ஒட்டி அதே அளவு வடக்கே போய்விடும். திசைகாட்டிக் கணக்கில் டிசம்பருக்கு 246, மார்ச், செப்டம்பருக்கு 270, ஜூனுக்கு 294. ஆக மொத்தம் 48 டிகிரி ஊசலாட்டம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அது சுமார் 10 டிகிரியை மறைக்கும். ஐந்து முஷ்டி அகலத்துக்குச் சூரியன் இடம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கரை. திருவனந்தபுரத்துக் கடற்கரை வடக்கு தெற்காக நேராக ஓடவில்லை, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து ஓடுகிறது. கரைக்கு முதுகைக் காட்டி நேரே கடலைப் பார்த்தால் கிட்டத்தட்ட 230 டிகிரி, அதாவது தென்மேற்கு. டிசம்பரில் சூரியன் நேர் எதிரிலிருந்து 16 டிகிரி வலப்பக்கம் விழும். நாற்காலியை இலேசாகத் திருப்பினால் போதும். மார்ச்சில் 40 டிகிரி வலப்பக்கம். ஜூனில் 64 டிகிரி, கிட்டத்தட்டத் தோளுக்குப் பக்கத்தில். கடலில்தான் விழும், ஆனால் உங்கள் பால்கனியிலிருந்து தெரியுமா என்பது தனிக் கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டல் பால்கனிகளுக்கு இடையே பக்கத்து அறைக்காரர் கண்ணில் படாதிருக்க ஒரு சுவர் நிற்கும். பால்கனி 3 மீட்டர் அகலம், நடுவில் நாற்காலி, நாற்காலியிலிருந்து முன் விளிம்பு வரை 1 மீட்டர் என்றால் வலப்பக்கம் 56 டிகிரி வரைதான் பார்வை போகும். ஜூன் சூரியன் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும். வராண்டா ஆழமாக இருந்து நீங்கள் 2 மீட்டர் உள்ளே உட்கார்ந்திருந்தால் பார்வை 37 டிகிரியிலேயே நின்றுவிடும். அப்போது மார்ச் சூரியனும் போச்சு. இந்தக் கரையில் ஒரு கட்டடத்தின் வடமேற்கு முனையில் இருக்கும் அறை, வலப்பக்கம் சுவரில்லாமல் திறந்திருக்கும் அறை, இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். கடலுக்கு முன்வரிசையில் நடுவில் இருக்கும் அறையைவிட இது சில இடங்களில் மலிவாகவே கிடைக்கும். அதை மூலையறை என்று தள்ளுபடியில் கொடுப்பார்கள்!

கன்னியாகுமரிக்கும் இதே கணக்குதான். குமரியிலிருந்து மேற்கே போகும் கரை முட்டம் பக்கம் கொஞ்சம் வடக்கே வளைகிறது. குளிர்மாதங்களில் தெற்கே ஒதுங்கி மறையும் சூரியன் கடலில் விழும், கோடையில் வடக்கே ஏறிப்போனதும் கரை குறுக்கே வந்துவிடும். மே மாதம் போய்விட்டு ஏமாந்தோம் என்பவர்கள் ஓட்டலைத் திட்டிப் பயனில்லை.

பதிவு செய்யும் முன் இதைச் சரிபார்க்கக் கால் மணி நேரம் போதும். கூகுள் மேப்பில் சாட்டிலைட் காட்சியைத் திறந்து ஓட்டல் வளாகத்தில் எந்தக் கட்டடம் எது என்று பாருங்கள். பெரிய ரிசார்ட்டுகள் தங்கள் தளத்திலேயே வளாக வரைபடம் போட்டிருக்கும். பிறகு சன்கால்க் தளத்தில் அந்தக் கட்டடத்தின் மேலேயே புள்ளியை வைத்து, போகும் தேதியைக் கொடுத்தால் அன்றைய அஸ்தமனத் திசையைக் கோடாகக் காட்டும். அந்தக் கோடு குறுக்கே எதையும் தொடாமல் கடலுக்குப் போகிறதா என்று பாருங்கள். பாறைமுனை, பக்கத்து ஓட்டல், கலங்கரை விளக்கக் குன்று ஏதாவது நடுவில் வந்தால் அறையை மாற்றுங்கள். கோவளத்தில் கடற்கரையைப் பாறைமுனைகள் சிறுசிறு துண்டாக வெட்டியிருக்கின்றன. லைட்ஹவுஸ் பீச், ஹவா பீச், சமுத்ரா பீச் ஒவ்வொன்றுக்கும் வடக்கே ஒரு முனை உண்டு. வளைவுக்குள் தாழ்வாக இருக்கும் அறைக்கு ஜூன், ஜூலை சூரியன் அந்த முனைக்குப் பின்னால் போக வாய்ப்பிருக்கிறது. புளிங்குடி, சொவ்வரா பக்கம் என்றால் வலப்பக்கத்தில் விழிஞ்ஞம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரும் உயர்ந்த கிரேன்களும். டிசம்பர் சூரியன் அதை விட்டு இடப்பக்கம் விலகி விழும், ஜூன் சூரியன் அதை நெருங்கி விழும்.

அறைப் பெயர்களை நம்பாதீர்கள். சீ வியூ, சீ ஃபேசிங், சீ ஃப்ரண்ட், பார்ஷியல் சீ வியூ என்பதற்கெல்லாம் சட்டத்தில் ஒரு பொருளும் இல்லை. நடைமுறையில் சீ ஃபேசிங் என்றால் கட்டடம் கடல் பக்கம் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். நடுவில் தென்னந்தோப்பே இருந்தாலும் அந்தப் பெயர் செல்லும். பார்ஷியல் என்றால் பால்கனி மூலையில் நின்று எட்டிப்பார்க்க வேண்டும்.

தோப்பு என்றதும் ஒன்று. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991லிருந்து இருக்கின்றன. 2011 அறிவிக்கையின்படி கிராமப்புறக் கரைகளில் உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது தண்ணீர் வந்து தொடும் எல்லை) 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக்கூடாது. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கமான ஊர்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது. அதனால் ஒழுங்காக விதிப்படி கட்டிய ரிசார்ட்டுகள் கரையைவிட்டுத் தள்ளி, முன்னால் தென்னையோடு இருக்கும். அது குறையல்ல. ஆனால் மாடியைப் பார்த்து எடுக்க வேண்டும். தரைத்தளத்திலிருந்து பார்த்தால் தூர்களுக்கு நடுவே கடல் தெரியும். வளர்ந்த நெட்டைத் தென்னையின் கொண்டை மூன்றாவது, நான்காவது மாடி உயரத்தில் இருக்கும், அங்கே நிற்பவருக்கு ஓலைதான் காட்சி. குட்டை ரகம் நட்டிருந்தால் முதல் மாடியே மறைந்துபோகும். மேலே போகப் போக நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உயரத்தால் கிடைக்கும் இலாபமும் பெரிதல்ல: தரையில் நிற்பவரைவிட ஆறாவது மாடிக்காரர் சூரியனை ஏறக்குறைய 20 வினாடி கூடுதலாகப் பார்ப்பார்.

வர்க்கலையில் இந்தச் சிக்கல் வேறுவிதம். செம்பாறாங்கல்லும் மணற்கல்லும் களிமண்ணுமாக அடுக்கடுக்காக நிற்கும் செங்குத்துப் பாறைக்கு மேல் விடுதிகள். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் இதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. வடக்குப் பாறையில் விளிம்பை ஒட்டி நடைபாதை, அதை ஒட்டி உணவகங்களும் துணிக்கடைகளும், அதற்குப் பின்னால்தான் பெரும்பாலான அறைகள். கீழ்த்தள அறைக்காரர் பார்ப்பது கடையின் பின்சுவர். முதல் மாடியிலிருந்துதான் கணக்கு ஆரம்பம். பாறை மழைக்குச் சரிகிற பாறை, விளிம்போடு ஒட்டிய குடிலைக் கூடுதல் காசு கொடுத்து எடுப்பது எங்களுக்கு உசிதமாகப் படவில்லை.

இப்போது யாரும் கவனிக்காத ஒரு சாமான்: பால்கனிக் கைப்பிடி. தொடுவானம் எப்போதும் பார்ப்பவரின் கண்மட்டத்தில் இருக்கும். நின்றால் நின்ற உயரத்தில், உட்கார்ந்தால் உட்கார்ந்த உயரத்தில். கைப்பிடியின் மேல்மட்டம் பாதுகாப்புக்காகத் தரையிலிருந்து 1.05, 1.1 மீட்டர் வைப்பார்கள். சாதாரண சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்தால் கண் சுமார் 1.2 மீட்டரில் இருக்கும், கைப்பிடிக்கு மேலே பார்வை போகும். அதுவே சொகுசு என்று போட்டிருக்கும் தாழ்ந்த பிரம்பு சாய்வு நாற்காலியில் சாய்ந்தால் கண் 1 மீட்டருக்கு இறங்கிவிடும், நீண்ட படுக்கை நாற்காலியில் இன்னும் கீழே. சரியாகத் தொடுவானம் இருக்கும் இடத்தில் கைப்பிடி வந்து நிற்கும்.

அது எவ்வளவு மறைக்கும் தெரியுமா? 8 செ.மீ. தடித்த தேக்குக் கைப்பிடி, கண்ணிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி. அது கிட்டத்தட்ட 4 டிகிரியை மறைக்கிறது. சூரிய வட்டம் அரை டிகிரிதான், அந்தத் தூரத்தில் 1 செ.மீ. சொச்சம். நம் பக்கத்தில் மாலைச் சூரியன் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 14 டிகிரி இறங்குகிறது. ஆக, கைப்பிடிக்குப் பின்னால் போன சூரியன் வெளியே வரக் கால் மணி நேரம் ஆகும், அதற்குள் கதை முடிந்திருக்கும். ஆயிரக்கணக்கில் வாடகை கொடுத்த காட்சி ஒரு மரக்கட்டைக்குப் பின்னால் போய்விட்டது! வட்டம் கடலைத் தொட்டு முழுதாக அமிழ 2 நிமிடம் சொச்சம்தான், எழுந்து நின்றுதான் பார்க்க வேண்டும். 12 மி.மீ. எஃகுக் கம்பி இழுத்த கைப்பிடியென்றால் தொல்லை குறைவு. இல்லையென்றால் வரவேற்பில் கேட்டு உயரமான நாற்காலி வரவழையுங்கள். பால்கனியில் பலகை மேடை போட்டு உயர்த்துவது கட்டுபவர்களுக்கு வரும் யோசனை. மேடை உயர்ந்த அளவு கைப்பிடியும் உயர வேண்டும், குழந்தைகள் இருக்கும் இடம்.

கண்ணாடித் தடுப்பு போட்டால் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். கடலோரத்தில் அதற்குத் தினமும் ஒரு ஆள் வேண்டும். உப்புக்காற்று காலையிலிருந்து மாலைக்குள் கண்ணாடியில் மெல்லிய படலம் விட்டுவிடும். உச்சிவெயிலில் அது தெரியாது. சூரியன் தாழ்ந்து நேரே அடிக்கும்போதுதான் படலம் முழுக்க ஒளி சிதறி வெள்ளையாய்ப் பூத்து, வேண்டிய நேரத்தில் எதுவும் தெரியாமல் போகும். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புப் பரல் கீறும். முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பிறகு ரப்பர் வைப்பரால் இழுக்க வேண்டும், அதுவும் 4 மணிக்குச் செய்வது நல்லது. நிறம் போட்ட கண்ணாடி இன்னொரு கேடு: பச்சை, நீலச் சாயல் சிவப்பைத் தின்றுவிடும். ஏசியை விட மனமில்லாமல் அறைக்குள் இருந்தே பார்ப்பவர்கள் வாடிய நிறத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்குச் சுமார்தான் என்கிறார்கள்.

ஏசியை விட மனம் வராததற்கும் காரணம் உண்டு. அஸ்தமனம் தெரிகிற அறை என்பது மதியம் 3 மணியிலிருந்து 6 மணி வரை வெயில் நேரே உள்ளே வருகிற அறை. நம் ஊர்க்காரர்கள் மேற்குப் பார்த்த படுக்கையறையை ஏன் ஒதுக்குகிறார்கள் என்று கட்டுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். சன்ஷேடு இதற்கு உதவாது. டிசம்பரில் மாலை 4 மணிக்குச் சூரியன் சுமார் 27 டிகிரி உயரத்தில் இருக்கும். 1.5 மீட்டர் நீண்ட சன்ஷேடு சுவரில் முக்கால் மீட்டர் நிழல்தான் தரும். 5 மணிக்கு அது சுமார் 40 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். தரை வரை கண்ணாடிக் கதவு வைத்திருந்தால் கிரானைட் தரையும் மெத்தையும் சூடேறி, இரவு 9 மணி வரை ஏசி திணறும்.

இதற்குச் சரியான வழி வெளியே தொங்கும் மூங்கில் தட்டி. திரைச்சீலை உள்ளே இருப்பதால் சூடு கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுக்கிறது. தட்டி கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. 3 மணிக்கு இறக்கி, 5.30க்குச் சுருட்டி ஏற்ற வேண்டும். அறையில் தட்டி இல்லாவிட்டால் குறைந்தது கனத்த திரையை 3 மணிக்கு மூடிவிட்டு நீச்சலுக்குப் போங்கள். ஆழமான வராண்டா சூட்டுக்கு மிக நல்லது, ஆனால் முன்னே சொன்னபடி பக்கவாட்டுப் பார்வையைக் குறுக்கும். இரண்டையும் சமாளித்த கட்டடம் கோவளத்திலேயே இருக்கிறது. 1969க்கும் 1974க்கும் இடையில் அரசுக்காகச் சார்லஸ் கொரியா வடிவமைத்த கடற்கரை ஓட்டல், இன்றைய லீலா. குன்றின் மேல் கோபுரமாக எழுப்பாமல், சரிவிலேயே படிப்படியாக அறைகளை இறக்கினார். ஒவ்வொரு அறைக்கும் தனித் திறந்த தளம். தளத்தில் உட்கார்ந்தால் பக்கவாட்டுப் பார்வைக்குக் குறையில்லை, அறையோ மலைச்சரிவுக்குள் ஒதுங்கியிருக்கிறது. பக்கத்தில் 1932இல் கட்டிய ஹால்சியன் அரண்மனை இருந்தும் காட்சியை அது கெடுக்கவில்லை. அதற்குப் பிறகு இந்தக் கரையில் வந்த பல கட்டடங்கள் இந்தப் பாடத்தைப் படிக்கவில்லை என்பது எங்கள் வருத்தம்.

கடலோடு கலந்தாற்போலத் தெரியும் நீச்சல்குளத்துக்கு முன்னோடிகளில் ஒன்று நமக்குப் பக்கத்தில், இலங்கையின் மேற்குக் கரையில் அகுங்கல்லையில் இருக்கிறது. ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1981இல் திறந்த ட்ரைட்டன் ஓட்டல், இப்போது ஹெரிட்டன்ஸ். வாசலில் நுழைந்ததும் பார்வை குளத்தின் மேல் ஓடிக் கடலில் போய்ச் சேரும். இப்போது எல்லா ரிசார்ட்டிலும் இன்ஃபினிட்டி பூல் உண்டு. நன்றாகச் செய்ததா என்று பார்க்க விளிம்பைப் பாருங்கள். தண்ணீர் வழியும் விளிம்பு முழு நீளத்துக்கும் ஒரே மட்டத்தில், ஓரிரண்டு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் தண்ணீர் கொட்டும், இன்னொரு பக்கம் ஓடு காய்ந்து வெள்ளைக்கறை தெரியும், மாயம் கலைந்துவிடும். வழிந்த தண்ணீரைப் பிடிக்கும் தொட்டி சிறிதாக இருந்தால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் இறங்கியதும் அது நிரம்பி வெளியே போகும். அவர்கள் ஏறியதும் மட்டம் இறங்கி விளிம்பு காயும். அஸ்தமன நேரம்தான் கூட்ட நேரம் என்பதால் இந்தக் கோளாறு சரியாக 6 மணிக்குத் தலைகாட்டும். சூரியனுக்கும் உங்களுக்கும் நடுவில் குளம் இருந்தால்தான் தண்ணீரில் அந்தப் பொன்பாதை விழும். தென்மேற்குப் பருவக்காற்றில் தண்ணீர் சிலிர்த்துக்கொண்டே இருக்கும், கண்ணாடிபோல் நிற்காது.

மாலத்தீவுக்குப் போகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. அங்கே ஒரே மரப்பாலத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரி வில்லாக்கள் இருக்கும். மேற்குப் பக்கத்துக்கு சன்செட் வில்லா என்று கூடுதல் விலை. மே முதல் நவம்பர் வரையான ஹுல்ஹங்கு என்ற தென்மேற்குப் பருவத்தில் காற்றும் அலையும் அந்தப் பக்கத்தில்தான் அடிக்கும், படியிறங்கி நீந்துவது சிரமம். அப்போது கிழக்கு வில்லாவை எடுத்துக்கொண்டு மாலையில் பாலத்து நுனிக்கு நடந்து போவது கெட்டிக்காரத்தனம். சில தீவு ரிசார்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னே வைத்திருக்கும். அஸ்தமனம் 6 மணியா 7 மணியா என்று வரவேற்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பக் கோவளத்துக்கு. நேரம்: நவம்பர் நடுவில் மாலை 6 மணியை ஒட்டி மறையும், ஜூலையில் 6.45ஐ ஒட்டி. ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை மேகத்தில் சூரியனே பல நாள் தெரியாது, கடலும் மணலை அரித்துக்கொண்டு போய் மழை முடிந்த பிறகுதான் திருப்பிப் போடும். கட்டணம் குறைவாக இருப்பது இதற்காகத்தான். ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கரையில் உட்காருங்கள். தெற்கே வெகுதூரத்தில் எழுந்த அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று ஏறி வரும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வானம் வெறிச்சென்று இருக்கும், ஆனால் தொடுவானத்தில் புழுதிப்படலம். வட்டம் கடலைத் தொடும் முன்பே மங்கி அதற்குள் கரைந்துவிடும். தூசி இருந்தால் நிறம் கூடும் என்பது தப்பு, தூசி நிறத்தை மந்தமாக்கும். எங்களைக் கேட்டால் அக்டோபர் கடைசி, நவம்பர். மதியம் இடி மழை பெய்து காற்றைக் கழுவிவிட்டு, மேற்கில் மட்டும் வெளுத்து, உயரத்தில் பஞ்சு மேகம் நிற்கிற மாலைகள் அப்போதுதான் அமையும். நிச்சயமில்லாத மாதம்தான், அதனால் இரண்டு இரவாவது போடுங்கள். ஒரே இரவு தங்குகிறவருக்கு ஒரே அஸ்தமனம், அதுவும் பாதிப் பேருக்கு வண்டியிலேயே போய்விடும்.

நாற்காலிக்கு எப்போது போவது என்பதற்குக் கையே போதும். கையை நீட்டி, விரல்களைப் படுக்கையாக வைத்துத் தொடுவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே எத்தனை விரல் என்று எண்ணுங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் விரலுக்கு 15 நிமிடம் என்பார்கள். அங்கே சூரியன் சாய்வாக இறங்குகிறது. நம்மிடம் செங்குத்தாக விழுவதால் விரலுக்கு 8 நிமிடம்தான். நான்கு விரல் என்றால் அரைமணி. மஞ்சளாக இருக்கும்வரை நேரே உற்றுப் பார்க்க வேண்டாம்.

வட்டம் முழுகியதும் கைதட்டிவிட்டு எல்லாரும் பஃபேக்குக் கிளம்பிவிடுவார்கள். மேகத்தின் அடிவயிறு சிவப்பது அதற்குப் பிறகுதான், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து. விளக்கில்லாமல் சுற்றுப்புறம் தெரிகிற அந்தி வெளிச்சம் இங்கே சுமார் 22 நிமிடம்தான் நிற்கும். அந்த நேரம் பார்த்துத் தோட்டக்காரர் வளாக விளக்கையெல்லாம் போட்டுவிடுவார். பல ரிசார்ட்டுகளில் அது 6 மணிக்கு என்று டைமரில் வைத்திருப்பது, மாதம் மாறினாலும் மாறாது. மதியமே வரவேற்பில் சொல்லிவைத்தால் உங்கள் பக்கத்து விளக்கை மட்டும் 7 மணி வரை நிறுத்திவைப்பார்கள். அறைக்குள் இருக்கும் விளக்கையும் அணைத்துவிடுங்கள், கொசுவத்தியைக் காற்று வரும் பக்கம் வையுங்கள். சற்று நேரத்தில் தொடுவானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள் ஏறும்.